நாற்பத்தொன்றாம் பை

நீரோடிக் கரையில்
தூண்டில் வளைவு முடிகிற இடத்தில்
எட்டு மூட்டை மணலுக்குச் செம்மஞ்சள் சாயம் பூசி
சித்திரைக் கடைசியில் அலைக்குக் கொடுத்தோம்.
ஆறு வாரம் கழித்துப் பொழியூரில்
அள்ளி வந்த பைகள் இவை.
இடையில் இருப்பது ஒரு எல்லைக்கல்,
அதன்மேல் ஒரு செல்போன் கடை விளம்பரம்.

கதவைச் சாத்திக் கறுப்புத் துணியை இழுத்துவிட்டு
பாதரச விளக்கைப் போடுகிறேன்.
முதலில் ஒரு முனகல்.
குழாயின் ஓரத்தில் ஒட்டிக்கிடந்த துளி
ஆவியாகி எழும்பும்வரை
வெளிறிய நீலம் நடுங்குகிறது.
நீலம் வெறும் கசிவு.
வேலை செய்கிற ஒளி எனக்குத் தெரியாது,
மணலுக்குத் தெரியும்.

சோற்றுத்தட்டு அகலத்துக்குப் பரப்புகிறேன்.
இல்மனைட் கறுப்பாகவே கிடக்கிறது.
கார்னெட், பகலில் காட்டிய சிவப்பை
மடித்து உள்ளே வைத்துவிட்டது.
சிர்க்கான்கள் மட்டும்
கேட்காமலே மஞ்சளாய்க் கைதூக்குகின்றன.
உங்களைக் கூப்பிடவில்லை, என்கிறேன்.
ஊசிமுனையால் ஒதுக்கி ஒதுக்கி
நாங்கள் பூசிவிட்ட செம்மஞ்சளைத் தேடுகிறேன்.
ஒன்று.
வெகுநேரம் கழித்து இரண்டு.

சஜின்தாஸ் பொழியூர்க்காரன்,
பைக்கு எண் எழுதுவது அவன் வேலை.
நாற்பத்தொன்றாம் பையில், எண்ணுக்குக் கீழே
'எங்க அடுக்களை' என்று எழுதியிருந்தான்.
போன இடவப்பாதியில் கடல் எடுத்த வீடு.
அறிக்கையில் அப்படிப் போட முடியாது சஜின்,
அட்சரேகை எழுது, என்றேன்.
எழுதினான்,
புள்ளிக்குப் பிறகு ஆறு இலக்கம்.

அந்தப் பையில்தான் அவசரப்பட்டேன்.
காப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
விளக்கடியில் குனிந்தேன், கால்மணி நேரம்.

ராத்திரி ஒன்றரைக்கு
இரண்டு கண்ணிலும் மணல்.
இமைக்கும்போதெல்லாம் அரைத்தது.
ஒரு குடம் தண்ணீர் தீர்ந்தது, மணல் தீரவில்லை.
பாறசாலை ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர்
இமையைப் புரட்டி வெகுநேரம் பார்த்தாள்.
"ஒந்நுமில்லல்லோ சேச்சி,
ஒரு தரி போலும் இல்ல."
வெளிச்சம் பட்டது, என்றேன்.
எந்த வெளிச்சம், என்றாள்.
அந்தக் குழாயும் மணல்தான்,
ஜன்னல் கண்ணாடி இந்த ஒளியை விடாது,
அதனால் படிக மணலை உருக்கி ஊதியது,
என்று சொல்ல வாயெடுத்தேன்.
சொட்டு மருந்து எரிந்து
பேச்சு நின்றுபோனது.

இரண்டு நாள் கழித்துப் போனபோது
தட்டு மூடியபடியே இருந்தது.
கண்ணாடியை ஒழுங்காக மாட்டிக்கொண்டு
முதலிலிருந்து எண்ணினேன்.
பதினேழு.
இதுவரை எந்தப் பையிலும் ஐந்தைத் தாண்டவில்லை.

"அப்போ வந்து சேர்ந்திருக்கு" என்றான் சஜின்,
யாரோ உறவுக்காரரைச் சொல்வதுபோல,
வீடு போன பிறகு வந்த உறவு.

எண்ணி முடித்த மணலை
பின்வாசல் தென்னைமூட்டில் கொட்டுவது வழக்கம்.
அவன் தூரிகையால் தட்டைத் துடைத்துத் துடைத்து
மறுபடி பைக்குள் சேர்த்தான்.
வாயைச் சுருட்டிக் கட்டினான்,
இரண்டு முடிச்சு.