காதர்பேட்டையில் மழைச்சட்டை

ஒரு டம்ளர் தண்ணீரைத் தோள்மேல் கவிழ்த்தான் ஜபருல்லா.
உருண்டோடி என் செருப்பில் விழுந்தது.
"பாத்தீங்களாங்ண்ணா?"

நான் கையைக் காதருகே வைத்துக் கசக்கினேன்.
சரசர.
இது ஆகாதுங்.

"சத்தம் கேட்டா சட்டை வாங்குவாங்க?"

ஆசனூருக்கு மேலே, மூங்கில் மறைவில்,
இருபதடியில் நிற்கிற கொம்பனுக்கு
என் அக்குள் உரசினாலே போதும்.
அதை அவனிடம் சொல்லவில்லை.
வேற காட்டுங்க என்றேன்.

ஆரஞ்சு காட்டினான். நீலம்.
கடைசியில் அடிமூட்டையிலிருந்து
பாசி பிடித்த பாறை நிறத்தில் ஒன்று.
கசக்கினால் வாய் திறக்கவில்லை.
முதுகு நீளம்; வண்டியில் பின்னால் உட்காரும் நிவேதா
தலையை உள்ளே விட்டுக்கொள்ளலாம்,
ட்யூசன் வரை.

மார்பில் விரல் விரலாய் ஆறு பைகள்.
"தோட்டா வெக்கறதுங்.
வெளிநாட்டுல மலையேறி மான் சுடறவங்களுக்குத் தெச்சது.
கழுத்துல பட்டன் இல்லீங்,
அதான் கப்பல் ஏறலை."

சிரித்துவிட்டேன்.
பதினோரு வருசமாய்ச் சுருக்குக் கம்பி அறுக்கிறேன்.
வேட்டைத் தடுப்புக் காவல்,
தினக்கூலி,
ரெண்டு மாசம் பாக்கி.

ஆயிரத்து நானூறு என்றான்.
ஆயிரத்து நூற்றுக்கு வந்தான்,
டீயும் வாங்கித் தந்தான்.

இப்போது தோட்டாப் பைகளில்
கேமராப் பெட்டிக்கான பென்சில் பேட்டரிகள்.
கொஞ்சம் தொளதொள. விழாது.

முதல் மழை திம்பம் தாண்டிப் பிடித்தது.
பட்டன் இல்லாத இடம் பார்த்து
ஒற்றைக் கோடாய் நெஞ்சுவரை இறங்கியது தண்ணீர்.
மற்றபடி
ஒரு சத்தமும் இல்லை.