டொஹ்

சொல் சிறியது.
தொண்டையில் சிக்கிய மீன்முள்ளை
வெளியே தள்ளும்போது வரும் சத்தத்தை
ஒரு 'டொ'வுக்குப் பின்னால் ஒட்டினால் போதும்.
பொருள்தான் உடனே வராது.

ப்ரேமர்ஹாவெனில், ரொட்டிக்கடைக்கு மேல்மாடி,
செவ்வாய் மாலை ஜெர்மன் வகுப்பு.
ஹீட்டர் செத்து மூன்று வாரம்.
கோட்டைக் கழற்றாமலே
வீப்கே ஹார்ம்ஸ் பலகையில் எழுதுகிறாள்:
இது 'ஆமாம்' அல்ல. 'இல்லை'யும் அல்ல.
யாராவது இல்லை என்று சொன்னபின்
அந்த இல்லையை இல்லாமல் ஆக்குவது.

தமிழில் இதற்கு ஒரு சொல் தேடினேன்.
கிடைத்தது ஒரு கேள்விதான்:
"ஏன் இல்லாம?"

"நீ சாப்பிடவில்லையா?"
டொஹ். சாப்பிட்டாயிற்று.
"இந்த ஊரில் மழையே கிடையாதாமே?"
டொஹ். ஜன்னலைப் பார்.

பிளாமெனுக்குச் சொல் பிடித்துப்போயிற்று.
மீன் ஆலையில் இரவு முறை,
சோப்புப் போட்டும் போகாத ஹெர்ரிங் வாடை.
"காபி வேண்டுமா?" டொஹ்.
"மணி என்ன?" டொஹ்.
வீப்கே தலையைப் பிடித்துக்கொள்கிறாள்:
எதிரே ஓர் இல்லை நிற்கவேண்டும், பிளாமென்.
கதவே இல்லாத இடத்தில் எதைத் தள்ளுவாய்?

லெத்தெபிர்ஹான் வாயே திறக்கவில்லை.
நோட்டில் மட்டும்
தன் எழுத்தில் அந்த ஓசையைக் குறித்துக்கொண்டாள்.
அந்தத் தொண்டைச் சத்தத்துக்கு
அவள் மொழியில் தனி எழுத்தே உண்டாம்.

வெள்ளிக்கிழமை, பல் மருத்துவர் வரவேற்பு மேசை.
"உங்கள் பெயரில் நேரம் ஏதும் பதிவாகவில்லை."
வேறு நாளென்றால் மன்னிப்புக் கேட்டுத் திரும்பியிருப்பாள்,
வீங்கிய கன்னத்தோடு, இரண்டு பேருந்து மாறி.
கட்டி வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை.
வந்தது ஒன்றுதான்.
டொஹ்.
கொஞ்சம் உரக்கவே.
மேசைக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.
திரையில் மறுபடி விரலோட்டினாள்.
இருந்தது,
அவள் அப்பாவின் பெயருக்குக் கீழே.

அடுத்த செவ்வாய் இதைச் சொன்னாள்,
பாதி வாயால், பாதி கையால்.
பல் போன இடத்தையும் காட்டினாள்.

வீப்கே ஹீட்டரை ஓர் உதை விட்டு,
"இது இனி ஓடவே ஓடாது" என்றாள்.
குழாய்க்குள் ஏதோ களகளத்தது.
பிளாமென் எழுந்துபோய்
அதன்மேல் உள்ளங்கையை வைத்தான்.
கொஞ்சநேரம் நின்றான்.
டொஹ், என்றான், மெதுவாக.

பத்து நிமிடத்தில் மறுபடி நின்றுவிட்டது.
அதற்கு அவன் சொன்னது
பாடப்புத்தகத்தில் இல்லை.