கம்பியில்லாக் கம்பங்கள்

பதினொன்று பத்துக்கு வரும் பேருந்து
அல்ஜீப்ராவைப் பாதியில் நிறுத்தும்.
சமன்பாட்டின் இடப்பக்கத்தை மட்டும் நோட்டில் விட்டுவிட்டு
பதினேழு பேர் எழுந்து போவோம்.
வலப்பக்கத்தை மற்றவர்கள் கண்டுபிடித்துக்கொள்ளட்டும்.

மேய்ன் மாநிலத்தின் வடகோடி.
ஜன்னலுக்கு வெளியே உருளைக்கிழங்கு வயல்கள்
பனியைப் போர்த்திப் படுத்திருக்கும்.
தொழிற்கல்வி மையத்துக்கு இருபத்தாறு நிமிடம்.
கண்ணை மூடிக்கொண்டே ஆளைச் சொல்லலாம்:
பொசுங்கிய கையுறை வாசம் என்றால் வெல்டிங்,
வெண்ணெயும் ஈஸ்டும் என்றால் அடுமனை,
வெறும் சோப்பு வாசம் என்றால் அது நான்.

வெல்டிங்கில் இடம் இல்லை என்றார்கள்.
படிவத்தின் இரண்டாவது கட்டத்தில்
கைக்கு வந்ததைக் குறித்திருந்தேன்.
அப்படித்தான் செவிலி உதவியாளர் வகுப்பின்
ஒரே பையன் ஆனேன்.
அப்பா இரண்டு வாரம் அதை யாரிடமும் சொல்லவில்லை.
பிறகு, முதுகு பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிறு காலை,
"படுத்திருக்கிற ஆளை எப்படித் தூக்குவீர்கள்?" என்றார்.
தூக்குவதில்லை, புரட்டுவது என்றேன்.
புரட்டினேன்.

எங்கள் கூடத்தில் ஆறு கட்டில்கள்.
மூன்றாவதில் ரப்பர் நோயாளி, திருமதி பூஷார்.
எத்தனை முறை குளிப்பாட்டினாலும்
தண்ணீர் ஜில்லென்றிருக்கிறது என்று சொல்லாதவர்.
அவர் தலைமாட்டு ஜன்னலில் பன்னிரண்டு மின்கம்பங்கள்.
கம்பி இல்லாத கம்பங்கள்.
எந்த ஊருக்கும் வெளிச்சம் கொண்டுபோகாமல்
ஏறுவதற்கென்றே நட்டவை.

ஓடீல் பெல்டியே அவற்றில் ஏறுவாள்,
பூட்ஸில் கட்டிய முள்ளாணியை மரத்தில் குத்திக் குத்தி.
உச்சியில் இடுப்புவாரில் சாய்ந்துகொண்டு
எதிர்க் கம்பத்து ரெனோவுக்குப் பந்து எறிவாள்.
விளையாட்டில்லை, பாடம்.
கை பந்தை நினைக்கும்போது
கால் உயரத்தை மறக்கிறதா என்று பார்ப்பார்கள்.
ஏப்ரலில் மின் நிறுவனத்தார் வருவார்கள்.
இரண்டே இடம்.

மார்ச்சில், உருகிய பனி மறுபடி உறைந்த ஒரு நாள்,
முதலில் பந்து விழுந்தது.
அப்புறம் அவள்.
முழுக்க இல்லை. முள்ளாணி மரத்தை விட்டுவிட,
எட்டடி சறுக்கி
கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

எங்களிடம்தான் கூட்டி வந்தார்கள்.
முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சிலாம்பு.
ஆசிரியை இடுக்கி தேடப் போகிற போக்கில்
"லூசியன், நாடி பார்" என்றார்.
திருமதி பூஷாருக்கு நாடி கிடையாது.
வகுப்புத் தோழிகளுக்கு உண்டு,
ஆனால் அவர்கள் யாரும்
எங்கிருந்தும் விழுந்தவர்கள் இல்லை.
என் இரண்டு விரலுக்கடியில்
கதவைத் தட்டித் தட்டி
திறக்குமுன்பே ஓடிவிடும் ஒரு பிள்ளை.
நூற்றுப் பதினெட்டு.

"தொண்ணூறு என்று எழுது" என்றாள் ஓடீல், உதடு அசையாமல்.
"நூறைத் தாண்டினால் இந்த வாரம் ஏற விடமாட்டார்கள்."

எங்கள் தேர்வில் ஒரு விதி உண்டு:
நான் எண்ணியதும் தேர்வாளர் எண்ணியதும்
நான்குக்கு மேல் விலகக் கூடாது.
இங்கே எண்ணியது நான் ஒருவன்தான்.

நூற்றுப் பதினெட்டு என்று எழுதினேன்.
நேரம், ஒன்று நாற்பது.
கையெழுத்து.

திரும்பும் பேருந்தில் அவள் பேசவில்லை.
கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு
சாலையோரக் கம்பங்களையே பார்த்து வந்தாள்.
இவற்றில் கம்பி உண்டு.
கம்பியில் காகம் உண்டு.
இறங்கும்போது மட்டும்,
"கை ஏன் இவ்வளவு குளிர்ச்சியாக வைத்திருக்கிறாய்,
நோயாளி செத்துப்போவான்" என்றாள்.

அடுத்த செவ்வாய், போர்வை விரிக்கும்போது
ஜன்னலில் அவள்.
கடைசிக் கம்பம், பாதி உயரம், இன்னும் மேலே.
கைகளை உரசிச் சூடாக்கி
என் நாடியை நானே பிடித்துப் பார்த்தேன்.

நூற்று நான்கு.
குறைத்து எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.