அடித்தல் திருத்தல்

போர்தோ. ஆவணக் கந்தோரின் நிலவறை.
மணித்தியாலத்துக்கு அறுபது தாள்.
கண்ணாடியில் கவிழ்க்க வேண்டும், வெளிச்சம் ஓடும்,
எடுக்க வேண்டும்.
வாசிப்பதற்குச் சம்பளம் இல்லை.

இந்தத் தாளில் கை நின்றது.

புதுச்சேரிக் கப்பலில் வந்த ஆட்டக்காரிகள் நால்வர்,
முட்டுக்காரன் ஒருவன்.
பதினெட்டு மாத ஒப்பந்தம்.
அரிசி, நெய், ஆளுக்கொரு கம்பளிச் சால்வை.
அமாவாசையில் ஆட்டமில்லை.
அடுப்பு முதலாளியுடையது, பானை அவர்களுடையது.
பானையைப் பற்றி நொத்தாரிசு யோசித்திருக்க மாட்டார்;
யாரோ ஒருத்தி
பேரம் பேசியிருக்கிறாள்.

பெயர்: அபரஞ்சி.
வயது: இருபத்தாறு.
தொழில்: இவர்கள் பாரிஸில் சுவரொட்டியாக்கிய சொல்
இருக்கிறது அதில்.
என் மொழியில் அதே சொல்
சந்தைச் சண்டையில் எறிகிற கல்.

கணவன்:

இங்கேதான் இடறியிருக்கிறது.
மனைவி கையெழுத்திடக் கணவன் சம்மதம் வேண்டுமாம்.
துபாசி கேட்டிருப்பான்.
இருக்கிறார், என்றிருப்பாள்,
கடலோரக் கோயிலில், நின்ற கோலம்.
பூக்கட்டிப் பார்த்தோம், வெள்ளைதான் வந்தது,
வேறென்ன சம்மதம் வேண்டும்?

நொத்தாரிசு மை தொட்டு எழுதினார்:
விதவை.

அதன்மேல் ஒரு கோடு.
தாளின் மறுபக்கம் தடவினால் விரலுக்குத் தட்டுப்படுகிறது.
ஓரத்தில் பொடி எழுத்தில்:
'ஒரு சொல் நீக்கப்பட்டது, செல்லாது.'
பதிலுக்கு எதுவும் எழுதவில்லை.

என்ன நடந்ததென்று தாளில் இல்லை.
எழுந்து நின்றிருப்பாள்.
சலங்கைப் பெட்டியைப் பூட்டச் சொல்லியிருப்பாள்.
ஊரில் எந்தப் பெண்ணின் தாலிக்கும்
மணி கோக்க அவள் கைதான் வேண்டும்;
அந்தக் கையிடம் போய்
இந்தச் சொல்லை நீட்டினால்?

அடியில் மற்ற மூவரும் பெருக்கல் குறி.
அதே கட்டில், அதே ஆண்டு,
இந்த ஊர்ச் சமையற்காரிகள், தையற்காரிகள்,
ஒரு கப்பல் கப்டனின் மனைவிகூடப்
பெருக்கல் குறிதான்.
அவளுக்கும் 'எழுதத் தெரியாதென அறிவித்தார்' என்று
முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள்.
அந்த வரியின் மேலேயே போட்டிருக்கிறாள்,
புள்ளி வைக்காத பழைய கையில்,
அபரஞசி.
கடைசி இகரத்தின் கொக்கி
நொத்தாரிசின் பெயர்வரை போய்த் தொடுகிறது.

போன கிழமை பிரெபெக்தூரில்
எனக்கும் ஒரு கட்டம் இருந்தது.
மணமானவர், பிரிந்தவர், விதவை.
கண்ணாடிக்குப் பின்னிருந்தவள் நல்லவள்.
'பதினாறு வருடமாகிறதே மதாம்' என்றாள் மெதுவாக.
வட்டுவாகல் பாலத்தடியில்
பஸ்ஸில் ஏற்றினார்கள்.
யன்னலோரம் இருந்தார், சேர்ட்டில் ஒரு பொத்தான் இல்லை.
அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும்.
பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வெளிச்சம் ஓடியது.
தாளை எடுத்தேன்.
அந்த மணித்தியாலம் நாற்பத்தொன்றுதான்.
ஏன் என்று திபோ கேட்டான்.
மை மங்கல், என்றேன்.

மங்கவில்லை.