செவெரினாவின் சுருள்

முழு நாடகத்தை எவனிடமும் கொடுப்பதில்லை.
கொடுத்தால் அடுத்த மாதம்
ஆற்றுக்கு அந்தப்பக்கக் கொட்டகையில் அதே கதை ஆடும்.
ஆளுக்கொரு சுருள்.
அவனவன் பேச்சு, அதற்கு முன்
எதிராளி விடும் கடைசி மூன்று சொல்.
படியெடுப்பது என் பிழைப்பு. தாளுக்கு இரண்டு பென்னி.
சவுத்வார்க்கில், தோல் பதனிடுகிறவனின் மாடியில்,
மூக்கைக் கட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

இந்த வாரம் செவெரினா.
ரவென்னா உப்பு வணிகனின் மகள். வயது பதினான்கு.
ஐந்தாம் அங்கத்தில் சாகிறாள்.
ஏன் என்பது ஹாஸ்லப் எழுதும் சுருள்களில் இருக்கிறது,
அவன் காட்டமாட்டான்.

முதல் அங்கத்தில் அவளுக்குப் பதினொரு வரி.
இறகை ஒருமுறை சீவினால் போதும்.
‘அப்படியே ஆகட்டும், அப்பா.’
‘வரச் சொல்லப்பட்டது, வந்திருக்கிறேன்.’
அடிதோறும் ஈற்றில் இயைபு,
வேறு யாரோ இறுக்கிப் பின்னிவிட்ட சடை.
அவள் வாய் திறக்கக் காத்திருக்கும் சொற்களோ
...உள்ளே போ, மகளே.
...சின்னவள், அவளுக்கென்ன தெரியும்.
...கையை நீட்டு, பார்ப்போம்.

இரண்டாம் அங்கத்தில் முதல் கேள்விக்குறி.
சிறியதுதான்: ‘எந்தக் கப்பல்?’
அடுத்த தாளில் ஏழு.
வளைத்து வளைத்து விரல் கணு நொந்தது.

மூன்றாவதில் இயைபு அறுந்தது.
எழுதியவன் குடித்திருந்தான் என்று நினைத்தேன்,
குடிக்காத நாள் அவனுக்கு ஏது.
திரும்பப் படித்தேன். இல்லை, அறுத்தவள் அவள்.
‘மணலுக்காகவா நாற்பது பேர் மூழ்கினார்கள்?’
அதற்குப் பிறகு ‘சொல்லப்பட்டது’ இல்லை,
‘காட்டப்பட்டது’ இல்லை.
கேட்டேன். கண்டேன். எண்ணிப் பார்த்தேன்.
வினையின் வாலில் அவள் முளைத்துவிட்டாள்.
மூன்று சொற்களும் நிறம் மாறின:
...மெல்லப் பேசு, கேட்கும்.
...யாரடி கற்றுக்கொடுத்தது இதை?

நான்காவதில் நாற்பத்து மூன்று வரி, ஒரே மூச்சு,
குறுக்கே ஒருவனும் இல்லை.
மாவுப்பசை காய்ச்சி இன்னொரு தாள் ஒட்டினேன்.
நடுவில் மூன்று வரி நிலவையும் அன்னத்தையும் பற்றி.
அது அவள் பேச்சில்லை.
மூட்டையும் தராசும் வைத்துப் பேசுகிறவளுக்கு
அன்னம் எதற்கு?
வெட்ட எனக்கு உரிமை இல்லை.
பொடி எழுத்தில் எழுதிவைத்தேன்.

ஐந்தாவதில் மறுபடியும் சுருங்கிவிட்டாள்.
நீதிபதி, சத்தியம் செய்யச் சொல்லும் தகப்பன், கூட்டம்.
‘இல்லை.’
‘பார்த்தேன்.’
‘மணல்.’
முதல் அங்கத்திலும் இப்படித்தான் ஒன்றிரண்டு சொல்.
அவை நிறுத்துக் கொடுக்கப்பட்டவை.
இவற்றை அவளே தட்டில் வைக்கிறாள்,
தட்டு இறங்குவதையும் பார்க்கிறாள்.

சுருளை வாங்க லாம்பர்ட் பின்னக் வந்தான்.
பதின்மூன்றரை வயது, கையில் பாதி தின்ற ஹெர்ரிங்.
‘எத்தனை வரி? எங்கே சாகிறேன்?’
முதல் சொல் குயில், இரண்டாவது தவளை.
மிக்கேல்மஸுக்குப் பிறகு பாவாடை கிடையாது,
ஈட்டி பிடித்து நிற்கலாம் என்று
குழுத்தலைவர் சொல்லிவிட்டாராம்.

ஜன்னலோரம் நின்று விரித்துப் படித்தான்.
சுருள் முழங்காலைத் தாண்டித் தரையில் புரண்டது.
மீன் எண்ணெய் இரண்டாம் அங்கத்தில் சொட்டியது.
நாலாவதில் நின்றான்.
‘இவள் பெரியவளாகிறாள்’ என்றான்,
குற்றம் சாட்டுகிற மாதிரி.
‘என் தொண்டை அதுவரை வருமா?’

எனக்குத் தெரியாது. ஒன்பது தாள், பதினெட்டு பென்னி
என்று மட்டும் சொன்னேன்.

படியிறங்கும்போது கைப்பிடியில் சுருளைத் தட்டிக்கொண்டே போனான்.
‘மணல்’ என்றான், பெண்குரலில்.
‘மணல்’ என்றான், அடித்தொண்டையில்.
கீழே தொட்டியருகில் தோல்காரன் கத்தினான்,
‘யாரங்கே, பெண்ணா பையனா?’

பதில் இல்லை.
தெருமுனையில் மூன்றாவது முறை ஒரு குரல்
அந்தச் சொல்லை வைத்துவிட்டுப் போனது.
எந்தக் குரல் என்று எனக்கும் பிடிபடவில்லை.