பதினொரு பேர்

டுலூத்தில் ஏரி உறைந்த மாதம்.
முதியோர் இல்லத்து இரவுப்பணி முடிந்து
காலணிகூடக் கழற்றாமல்
ஐலா கோஸ்கெலா கணக்குப் போடுகிறாள்.
வேதியியலில் நழுவிய அரைப் புள்ளி
மூன்று நர்சிங் கல்லூரிகளைச் சாத்திவிட்டது.
மிச்சம் இரண்டு.

ஒன்றின் கையேட்டில்
எல்லோரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள்.
மற்றது கோணலாய் எடுத்த நகல்.

இரண்டுக்கும் போன் போட்டாள்.
"போன வருஷம் பாதியில் நின்றவர்கள் எத்தனை பேர்?"

முதலாவது
இசையைப் போட்டுக் காக்க வைத்தது.
பாட்டு மூன்று முறை முடிந்தது.

இரண்டாவதில்
ஒருத்தி தாள் புரட்டும் சத்தம்.
"பதினொரு பேர்.
அதில் மாரித்துக்கு இரட்டைக் குழந்தை,
செப்டம்பரில் திரும்பி வருகிறாள்."

இரண்டு பேருந்து மாற வேண்டும்,
பனி கொட்டினால் நடையும் உண்டு.
அட்டவணையை மடித்து வைத்துவிட்டு
ஐலா
காலணி நாடாவை அவிழ்த்தாள்.