பன்னெண்டு மணி நேரம்

முதல் அட்டையில் ரெண்டு கோடு விழுந்த அன்று
செங்கோட்டுவேல் ராய்ப்பூரில் இருந்தார்.
போர்வண்டிச் சத்தத்தில் நான் சொன்னது கேட்காமல்
"என்னாது? என்னாது?" என்று மூணு தடவை கத்தினார்.
நாலாம் தடவை
அவர் அழுதது மட்டும் எனக்குக் கேட்டது.

நாலாம் மாசம், திருச்செங்கோடு பெரியாஸ்பத்திரியில்
இன்னொரு அட்டை. அதிலும் ரெண்டு கோடு.
லேப் பையன் என்னிடம் காட்டாமல்
சீட்டில் ஒரு நம்பர் போட்டு
பத்தொம்பதாம் ரூமுக்குத் தாட்டிவிட்டான்.

நசீமா அக்கா கதவைச் சாத்தினார்.
"எச்ஐவி இல்ல கண்ணு, மேகநோயும் இல்ல.
மஞ்சக்காமாலை பி. ரத்தத்துல இருக்குது."
என் கண்ணு வெள்ளையாத்தானே இருக்குதுங்க, என்றேன்.
"பல வருசம் வெள்ளையாவே இருக்கும்."
ஊசி, ரத்தம், படுக்கை, பிரசவம்
என்று அவர் விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டு போக
நான் படுக்கையிலேயே நின்றுவிட்டேன்.

தறிச் சத்தத்துக்கு மேலே போனில் கத்தித் திட்டினேன்.
தாபா, லாட்ஜ், ஜபல்பூர், பிலாஸ்பூர்,
நான் பார்க்காத ஊர்ப்பேரெல்லாம் எனக்கு வசவாச்சு.
அவர் மறுத்தார். அப்புறம் மறுக்கவில்லை.
"எண்ணூறடியில வர்ற தண்ணி
எந்த மழையில எறங்குச்சுன்னு யாரு கண்டா புள்ள" என்றார்.
யோசித்து வைத்துச் சொன்ன மாதிரி இருந்தது.
அதற்கும் திட்டினேன்.

வைகாசித் தேருக்கு வந்தார்.
தேர் நிலை சேர்வதற்குள் ரத்தம் கொடுத்தார்.
அவர் அட்டையில் ஒரே ஒரு கோடு.

அதற்குப் பிறகு என்னைப் பார்த்த பார்வையில்
கோபம் இல்லை.
எதையோ எண்ணிக்கொண்டிருந்தது அது.

"உங்கம்மா எதுல தவறுனாங்க?" நசீமா அக்கா கேட்டார்.
நான் ஒம்பதாவது படிக்கையில். கை கால் குச்சியாகி
வயிறு மட்டும் வீங்கி.
மாசமா இருக்கிறாளா என்று பொடக்காலியில் நின்று பேசினார்கள்.
ஈரல் என்றார் டாக்டர். காத்துக்கருப்பு என்றார் பெரியப்பா.
ஒன்றரைப் பவுன் தோடு எனக்கு வந்தது.
"அதுகூட இதுவும் வந்திருக்கலாம், நீ பொறந்தப்பவே."

இருக்கலாம்.
வேறு விதமாகவும் இருக்கலாம்.
அதை அந்த ரூமில் சொன்னேன்.
இங்கே எழுதவில்லை.

அவருக்கு மூணு தடுப்பூசி போட்டு முடியும்வரை
உறை இல்லாமல் கூடாது என்றார்கள்.
மருந்துக்கடைக்கு வெளியே வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார்.
ஆறு மாச வயிற்றோடு நான்தான் போய்க் கேட்டேன்.
கடைக்காரர் வயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
பாக்கிச் சில்லறையை ரெண்டு தடவை எண்ணினார்.
வெளியே வந்து சொன்னேன்.
தேருக்கு வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அவர் சிரித்தார்.

கிருமிக் கணக்கு அதிகம் என்று
ஏழாம் மாசத்திலிருந்து ராத்திரிக்கு ஒரு மாத்திரை.
ஒறம்பரை யாராவது கேட்டால் சத்து மாத்திரை.

ஆவணி. ராத்திரி ரெண்டு பத்துக்குப் பிறந்தாள்.
பன்னெண்டு மணி நேரத்துக்குள்
ரெண்டு தொடையிலும் ரெண்டு ஊசி.
ஒன்று ஆஸ்பத்திரியில் இருந்தது.
மற்றது தீர்ந்துபோயிருந்தது.
ஈரோட்டில் ஒரே ஒரு கடையில் உண்டாம்,
என் ஒரு மாசத் தறிக்கூலி விலை.

மூணு மணிக்கே கிளம்பிவிட்டார்.
பள்ளிபாளையம் பாலத்தில் மழை.
எட்டு மணிக்குத் திறக்கிற ஷட்டர் முன்னால்
நாலு மணியிலிருந்து குந்தியிருந்தாராம்.
நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக் கிடந்தேன்,
அதன் பெரிய முள் ஒன்பதில் கொஞ்சம் தடுக்கும்.

ஒம்பது நாற்பதுக்கு வந்தார், நனைந்து.
ஐஸ் பெட்டிக்கு மட்டும் ரெயின்கோட் போர்த்தியிருந்தார்.
எண்ணூறடி பாறையைத் துளைக்கிற கை
அரை மில்லி மருந்தை நர்சிடம் கொடுக்கையில்
அப்படி நடுங்கியது.

ரெண்டு தொடைக்கும் தனித்தனியாக அழுதாள்.
பால் கொடுக்கலாமுங்களா என்றேன்.
"கொடு, கேட்டுட்டு இருக்கற" என்றார் நர்ஸ்.

அடுத்த தேர்ச் சமயத்தில் அவளுக்கும் ஒரு அட்டை உண்டு.
ஒரு கோடு போதும், சாமி.
ரெண்டு கோடு விழணும் என்று
உன் மலையேறி வேண்டிக்கொண்டதும்
நான்தான்.